பலனுக்கும் பயனுக்கும் அப்பால்

வீட்டில் முக்கியமான பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணுக்கு வரன் முடிப்பது, மனை வாங்குவது, மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று ஏதேனும் ஒன்று. சுவரில் ஒரு பல்லி ஒலி எழுப்புகிறது. பேச்சு ஒரு கணம் நிற்கிறது. "பல்லி சொல்லிவிட்டது" என்கிறார் வீட்டுப் பெரியவர். எந்தத் திசையிலிருந்து சொல்லிற்று என்று இன்னொருவர் கேட்கிறார். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இக்காட்சி எந்தச் சமயத்தாருக்கும் புதிதன்று. திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும் சுவரிலும் அதே பல்லிதான். அதன் ஒலிக்குக் கிடைப்பதும் அதே மதிப்புத்தான்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் இச்சிறு நிகழ்ச்சிக்குள் பெரியதோர் அறக்கேள்வி இருக்கிறது. உலகில் நம்மோடு வாழும் உயிர்கள் யாருக்காக இருக்கின்றன? நமக்குச் செய்தி சொல்வதற்காகவா? நமக்கு வேலை செய்வதற்காகவா? இவ்விரண்டும் செய்யாத ஓர் உயிர் நம்மிடம் கேட்பதற்கு உரிமை ஏதேனும் உடையதா? கைக்குள் அடங்கும் பல்லியை முன்னிறுத்தி இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பலன் தேடும் கண்

பல்லியிடம் பலன் கேட்பது தமிழரிடையே நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று பல்லியின் ஒலியை எதிர்நோக்கியிருக்கும் தலைவியைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். அகநானூற்றுப் பாடல் ஒன்றில், தினையை மேய வரும் காட்டுப் பன்றிகூடப் பல்லியின் ஒலியைச் செவிமடுத்த பின்னரே புனத்தை நெருங்குகிறது. பின்னாளில் இது கௌளி சாத்திரமாக வளர்ந்தது. தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது, வலப்பக்கமானால் இப்படி, இடப்பக்கமானால் அப்படி என்று பஞ்சாங்கங்களில் இன்றும் பட்டியல் அச்சாகிறது. அதே தமிழர்தாம், ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி தான் மட்டும் கழுநீர்ப் பானையில் போய் விழுகிறது என்று பழமொழி சொல்லிச் சிரித்தும் இருக்கின்றனர். நம்பிக்கையும் நகைப்பும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தன.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. 1992-ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2116), குறி கேட்பதையும் சகுனங்களுக்குப் பொருள் காண்பதையும் ஏற்பதில்லை. வருங்காலத்தை இறைவனின் பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டிய மனிதர், அதனைத் தம் கைக்குள் கொண்டுவர முயல்வது தகாது என்பதே அதன் உட்கருத்து. இதனை மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவ்வளவாகக் கேளாத மறுபக்கம் ஒன்றும் உண்டு. சகுனம் பார்ப்பவர் இறைவனுக்குரிய மதிப்பை மட்டும் குறைக்கவில்லை. பல்லிக்கும் நீதி செய்வதில்லை. வீட்டுப் பல்லியின் ஒலி பெரும்பாலும் ஆண் பல்லியின் குரல். தன் இடத்துக்குள் வரும் மற்றோர் ஆணை எச்சரிக்கவும் பெண் பல்லியை அழைக்கவும் அது குரல் கொடுக்கிறது. அது பேசுவது நம்மோடு அன்று, இன்னொரு பல்லியோடு. அதன் வாழ்வுக்குரிய ஒலியை நம் வாழ்வுக்கான அறிவிப்பாக மாற்றிக்கொள்ளும்போது, உண்மையில் அதனை நாம் கேட்கவேயில்லை.

பயன் தேடும் கண்

படித்த தலைமுறை சகுனத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அது பல்லிக்கு வேறொரு நற்சான்று வழங்குகிறது. பல்லி கொசுவைத் தின்கிறது. கரப்பான் குஞ்சைத் தின்கிறது. விளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தின்கிறது. ஆகவே அதனை அடிக்கலாகாது என்கிறது. இஃது உண்மையே. பல்லிக்கு நஞ்சுண்டு என்னும் அச்சத்துக்கும் அடிப்படையில்லை. நம் வீட்டுப் பல்லிகள் நஞ்சற்றவை. அவற்றின் குடலில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் நோய் தரலாம் என்பதால், பல்லி விழுந்த உணவை ஒதுக்குவது தூய்மைக்குரிய நெறி. அதற்காக அவ்வினத்தையே பகையாக்க வேண்டியதில்லை.

ஆயினும் இந்த நற்சான்றில் ஒரு குறை உண்டு. பயனை மட்டுமே காரணமாகக் காட்டினால், பயன் முடியும் நாளில் காரணமும் முடிந்துவிடும். கொசுவை விரட்ட மின்கருவி வந்துவிட்டது. இனிப் பல்லி எதற்கு என்று கேட்டால் விடை இராது. சகுனம் பார்ப்பவர், 'இஃது எனக்கு என்ன சொல்கிறது?' என்கிறார். பயன் பார்ப்பவர், 'இஃது எனக்கு என்ன செய்கிறது?' என்கிறார். இரண்டு கேள்விகளிலும் 'எனக்கு' என்ற சொல்லே மையத்தில் நிற்கிறது. இதே அளவுகோலை மனிதர்மீது வைத்தால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். உழைக்க முடியாத முதியவர், பேச இயலாத குழந்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆகியோர் அந்த அளவில் தோற்றுப்போவர். பல்லியும் மனிதரும் சமம் என்பதற்காக இதனைக் கூறவில்லை. பயனைக் கொண்டே எதனையும் எடைபோடும் பழக்கம் சிற்றுயிர்களோடு நின்றுவிடாது என்பதற்காகவே கூறுகிறோம்.

மறைநூல் காட்டும் பல்லி

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைக் கவனமாக வாசிப்போம். ஆறாம் நாளில் இறைவன் கால்நடைகளையும் ஊர்வனவற்றையும் காட்டு விலங்குகளையும் அவ்வவற்றின் இனத்தின்படி உண்டாக்குகிறார். அவை நல்லவை எனக் காண்கிறார். மனிதர் படைக்கப்படுவது அதற்குப் பின்னர்தான். ஊர்வன நல்லவை என்று இறைவன் கண்டபோது, அவற்றிடம் பலன் கேட்கவோ அவற்றால் பயன் கொள்ளவோ உலகில் ஒருவரும் இல்லை. எனவே அந்த நன்மை நம்மால் வந்ததன்று. நாம் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கூடியதும் அன்று.

லேவியர் நூல் பல்லி போன்ற சிற்றூர்வனவற்றைத் தீட்டானவை என்கிறதே எனச் சிலர் கேட்கலாம். அஃது இஸ்ரயேலரின் வழிபாட்டுத் தூய்மைக்கான சட்டம். படைப்பின் நன்மையை அது நீக்கிவிடவில்லை. யோப்பா நகரில் திருத்தூதர் பேதுரு கண்ட காட்சியில், வானிலிருந்து இறங்கிய விரிப்பில் ஊர்வனவும் இருந்தன. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டாகக் கருதலாகாது என்பதே அங்கு அவர் கேட்ட பாடம்.

நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்னும் ஞானி, மிகச் சிறியவையாயினும் ஞானம் உடைய நான்கு உயிர்களைக் குறிப்பிடுகிறார். எறும்பு கோடையில் உணவைச் சேர்க்கிறது. குறுமுயல் பாறைகளுக்கிடையே வீடு அமைக்கிறது. வெட்டுக்கிளி அரசன் இல்லாமலே அணிவகுத்துச் செல்கிறது. நான்காவது உயிரின் பெயரில் மொழிபெயர்ப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்துவந்தது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும், சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதனைச் சிலந்தி என்றன. புனித எரோணிமுசின் இலத்தீன் விவிலியம் பல்லி வகையைக் குறிக்கும் சொல்லையே இட்டது. 1995-இல் வெளியான தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பும் பல்லி என்றே கூறுகிறது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முதல் மூன்று உயிர்களுக்கும் ஒரு வேலை, ஒரு திறமை சொல்லப்படுகிறது. பல்லிக்கோ நம் மொழிபெயர்ப்பில் எந்த வேலையும் சொல்லப்படவில்லை. அது கையால் பிடித்துவிடும் அளவு சிறியது. ஆயினும் அரசரின் மாளிகையில் இருக்கிறது. அவ்வளவே. சேமிப்பதாலோ கட்டுவதாலோ அணிவகுப்பதாலோ அன்றி, இருப்பதாலேயே அது ஞானியின் பட்டியலில் இடம்பெறுகிறது. மாளிகையைக் கட்டியவர் அரசர். அதில் பல்லிக்கு இடம் தந்தவர் வேறொருவர்.

புனித தோமா அக்குவினாசும் இதே உண்மையைத் தமக்குரிய முறையில் விளக்கினார். இறைவனின் நன்மையை ஒரே படைப்பு முழுமையாக வெளிப்படுத்த இயலாது. ஆகவே ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யும்படி அவர் பலவற்றைப் பல வகையாகப் படைத்தார் என்பது அவருடைய கருத்து. வகைகளின் பன்மை தற்செயலான மிகுதியன்று. அதற்கே ஒரு பொருள் உண்டு.

இனத்தின்படி

அந்தப் பன்மையைப் பல்லிகளிடமே காணலாம். நாம் 'பல்லி' என்ற ஒரே சொல்லில் அடக்குவது ஓரினம் அன்று. சுவரில் ஒலி எழுப்பும் வீட்டுப் பல்லி ஒன்று. மரப் பட்டையோடு பட்டையாக நிறம் ஒன்றி ஒட்டியிருக்கும் பெரிய மரப்பல்லி மற்றொன்று. கறையான் புற்றுகளிலும் கல்லிடுக்குகளிலும் ஒதுங்குவது பிறிதொன்று. இம்மூன்றும் ஹெமிடாக்டிலஸ், அதாவது 'அரைவிரல்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவினர். மரப்பல்லிக்கு 1836-இல் அறிவியல் பெயர் இட்டபோது, 1816-இல் புதுச்சேரிக்கு வந்து தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு இயற்கையியலார் லெஷெனோவின் பெயரையே சூட்டினர்.

இவை கூரையில் தலைகீழாக நடப்பது பசையினால் அன்று. விரலடித் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் எண்ணற்றவை உள்ளன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே எழும் மூலக்கூற்று ஈர்ப்பே பல்லியைத் தாங்குகிறது என்பதை 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. இமையில்லாத கண்ணை அது நாவால் துடைத்துக்கொள்கிறது. பகைவரிடம் வாலை விட்டுவிட்டு உயிர் தப்புகிறது. வால் மீண்டும் வளர்கிறது.

இவற்றினும் சிறியவை நெமாஸ்பிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பாறைப் பல்லிகள். அவற்றுள் பல, வாலை நீக்கினால், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமே உடையவை. வீட்டுப் பல்லி இரவில் உலவும். இவையோ பெரும்பாலும் பகலில் உலவுகின்றன. கண்ணின் பாவை செங்குத்துப் பிளவாக இராமல் வட்டமாக இருக்கிறது. விரல்களில் அகன்ற தகடுகள் இல்லை. நகத்தால் பாறையைப் பற்றுகின்றன. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இவற்றைப் போன்றவை உண்டு. தோற்றத்தைக் கொண்டு அவை அனைத்தையும் ஒரே குடும்பமாக எண்ணியிருந்தனர். அம்மூன்று நிலப்பகுதிகளின் பல்லிகளும் தம்முள் நெருங்கிய உறவுடையவை அல்ல என்பதை 2012-இல் மரபணு ஆய்வு வெளிப்படுத்தியது. வெளித்தோற்றம் ஒத்திருப்பதால் உறவாகிவிடாது. சிறியதாக இருப்பதால் எளிதில் அறிந்ததாகவும் ஆகிவிடாது.

2000-ஆம் ஆண்டில் இந்திரனில் தாஸ், ஆரன் பவர் என்னும் அறிஞர் இருவர் தமிழகத்திலிருந்து இப்பேரினத்தில் இரண்டு புதிய இனங்களை விவரித்தனர். ஒன்று ஏற்காட்டினது. மற்றொன்று வேலூர்க் கோட்டையினது. 2019-இல் சேலம் மாவட்டத்துச் சங்ககிரி மலையிலிருந்து இன்னொன்று விவரிக்கப்பட்டது. அதுவும் கோட்டை அமைந்த மலையே. 2022-இல் சேர்வராயன் மலையைச் சூழ்ந்த நிலப்பரப்பின் குன்றுத் தொகுதிகளிலிருந்து மட்டும் ஐந்து புதிய இனங்கள் ஒரே ஆய்வில் வெளிவந்தன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய நிலப்பரப்புக்குள் வாழ்வது. காரணம் எளிது. வெயில் காயும் சமவெளி இத்தகைய சிற்றுயிருக்குக் கடலைப் போன்றது. ஒவ்வொரு பாறைக் குன்றும் ஒரு தீவு. பல்லாயிரம் தலைமுறைகள் பிரிந்து வாழ்ந்தவை வேறு வேறு இனங்களாகின்றன.

வேலூர்க் கோட்டையும் சங்ககிரியும் ஆகூரின் சொல்லுக்குச் சான்றாகின்றன. நம் மாவட்டத்தின் கோட்டை செஞ்சி. 1597-இல் சேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா அங்கு வந்து நாயக்கர் தலைநகரின் பெருமையை வியந்து எழுதினார். பின்னர் 1677-இல் சிவாஜியும், 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அஃது ஏற்கப்பட்டது. ஆண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக நீங்கினர். பல்லிகள் இன்றும் அங்குள்ள சுவர்களிலும் பாறை இடுக்குகளிலும் வாழ்கின்றன.

குன்று போனால்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்பவர் இருபுறமும் பாறைக் குன்றுகளைக் காண்பர். இவை மிகத் தொன்மையானவை. செஞ்சிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. திண்டிவனத்துக்குத் தெற்கே வானூர் வட்டத்தில், திருவக்கரையைச் சுற்றிக் கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் இயங்குகின்றன. அதே திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய கல்மரங்கள் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுக் காக்கப்படுகின்றன. அது நன்று. என்றோ மாண்ட மரத்துக்கு வேலி இட அறிந்த நாம், இன்று உயிரோடு பாறையில் ஊர்வதைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பல்லி சாவது வேறு. ஓரினம் ஒழிவது வேறு. பல்லி நாளும் சாகிறது. பாம்பும் பறவையும் பூனையும் அதனை உண்கின்றன. பெண் பல்லி மீண்டும் இரண்டு முட்டை இடும். ஆனால் ஒரே குன்றில் வாழும் இனத்துக்கு அந்தக் குன்றே உலகம். குன்று ஜல்லியானால் திரும்பப் பெற வழியில்லை. நோவாவின் பேழைக்குள் ஊர்வனவும் இனத்தின்படியே ஏற்றப்பட்டன என்று வாசிக்கிறோம். காக்கப்பட வேண்டியது ஓர் உயிர் மட்டுமன்று, ஓரினம் என்பதை மறைநூல் அன்றே உணர்த்தியது. புதிய இனங்கள் குன்றுதோறும் வெளிப்பட்டுவரும் இக்காலத்தில், பெயரிடப்படும் முன்னரே ஓரினம் மறைந்துபோகவும் கூடும். உயிரினங்களுக்குப் பெயரிடும் பணி ஆதாமிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பணி இன்னும் முடியவில்லை.

கடினமான மறுப்பு ஒன்று இங்கு எழும். குவாரியில் கல் உடைப்பவர் ஏழைகள். அவர்களுள் நம் பங்கு மக்களும் இருக்கலாம். வீடும் சாலையும் பள்ளியும் ஆலயமும் கல்லின்றி எழுவதில்லை. பசித்த குடும்பத்தின் முன் பல்லியைப் பேசலாமா? இந்தக் கேள்வியை மதித்தே விடை சொல்ல வேண்டும். ஆண்டவர் இயேசுவே மனிதர் பல சிட்டுக்குருவிகளைவிட மேலானவர் என்றார். நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் அவர் அதே இடத்தில் கூறியதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மத்தேயு நற்செய்தியில் இரண்டு குருவிகளின் விலை ஒரு காசு. லூக்கா நற்செய்தியில் ஐந்து குருவிகளின் விலை இரண்டு காசு. நான்குக்கு விலை கொடுத்தால் ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியையும் கடவுள் மறப்பதில்லை. மனிதர் மேலானவர் என்பது மற்றவை ஒன்றுமில்லை என்பதாகாது. மேலானவருக்கே பொறுப்பு மிகுதி.

மேலும், பல்லியா ஏழையா என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது பெரும்பாலும் பொய்யான போட்டி. அளவின்றிக் குடையும் குவாரியில் பாறைப் பல்லியோடு அருகிலுள்ள கிணற்று நீரும் கெடுகிறது. கல்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் நேர்கிறது. நிலத்தின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலில் வலியுறுத்தியது இதனாலேயே. ஆயினும் நாம் இந்த வாதத்தோடு நின்றுவிடலாகாது. நின்றால் மீண்டும் பயனிலேயே வந்து நிற்போம். எவருடைய கிணறும் கெடாத இடத்திலும், எவருடைய நுரையீரலும் பழுதுபடாத இடத்திலும், ஓரினத்தை அடியோடு இல்லாமற் செய்ய நமக்கு உரிமையில்லை என்பதே அம்மடலின் போதனை. நம் செயலால் மறைந்துபோகும் இனங்கள் இனித் தம் இருப்பால் இறைவனுக்கு மாட்சி அளிக்க இயலாது என்று அது வருந்துகிறது.

அவ்வாறாயின் பொதுநிலையினர் செய்யத்தக்கது யாது? கல்லே எடுக்கலாகாது என்பது நடவாதது. நாம் அதனைக் கூறவில்லை. எங்கே எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எதனை விட்டுவைப்பது என்னும் கேள்விகளைக் கேட்பதே நம் கடமை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய குவாரிகளுக்கு அனுமதி வழங்குமுன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டும். கிராம சபையும் இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பற்றியும் தூசியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசுவோர், அக்குன்றில் வாழும் உயிர்கள் எவை என்று ஆராயப்பட்டதா எனவும் கேட்கலாம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஒரு ஞாயிறு மாலை அருகிலுள்ள பாறைக்கு அழைத்துச் சென்று, கல் எறியாமல் பார்க்கப் பழக்கலாம். வீட்டில் பல்லி ஒலித்தால், அது நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, அது தன் உறவோடு பேசுகிறது என்று விடை சொல்லலாம்.

148-ஆம் திருப்பாடலில் கதிரவனும் மலைகளும் மரங்களும் மட்டுமன்றி, ஊர்வனவும் ஆண்டவரைப் போற்ற அழைக்கப்படுகின்றன. அரசரும் மக்களினத்தாரும் அந்த வரிசையில் அவற்றுக்குப் பின்னரே அழைக்கப்படுகின்றனர். அவற்றின் புகழ்ச்சி நமக்குப் பொருள்படாமல் இருக்கலாம். அது நம்மை நோக்கியதும் அன்று. அந்தப் பாடற்குழுவில் நமக்கு மேன்மையான இடம் உண்டு. குழுவிலிருந்து எவரையும் நீக்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை.